நாற்பத்தெட்டுக் கட்டங்கள்

ஜீவனஹள்ளி, பெங்களூர்
12-7-1937

சேசு மரி சூசை

என் அருமை மருமகள் நோராவுக்கு,

மாமா சிரில் ஜெயராஜ் எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அத்தை அல்போன்சா சுகம், அவள் வாய் எங்கள் இருவரையும்விடச் சுகம். அங்கே நீயும் உன் அம்மா பிரிஜெட் அக்காவும் சென்னை வெயிலில் கருவாடாகாமல் இருக்கிறீர்களா என்று ஒரு வரி எழுது.

உன் கட்டுரை வெள்ளிக்கிழமைத் தபாலில் வந்து சேர்ந்தது. அகாடமியில் முதலில் அதைத் தொட்ட கை யாருடையது? இந்த டபேதார் கை. உறையின் மூலையில் மழை பட்டிருந்தது. என் தலைப்பாகையாலேயே ஒற்றி எடுத்து, காரியதரிசி ஐயாவின் மேஜையில் வைத்து, "ஐயா, இது நம் வீட்டுச் சரக்கு" என்றேன். அவர் எழுந்து நின்றே வாங்கிக்கொண்டார். (ஜன்னல் சாத்துவதற்காக எழுந்தார் என்று டைப்பிஸ்ட் வெங்கடசுப்ரமணியன் சொல்லுவார். அவருக்கு என்ன தெரியும்?)

நீ சென்னைக்குப் போனபிறகு இங்கே என் பொறுப்பு ஜாஸ்தி. வாசலில் 'தேசிய இயற்கை விஞ்ஞான அகாடமி' என்ற பித்தளைப் பலகையைப் புளி போட்டுத் துலக்குவது நான். உள்ளே நடப்பதிலும் பாதி என் கையில்தான். கல்கத்தா, லாகூர் என்று திசைக்கொருவராக இருக்கும் பெரிய மண்டைகளுக்கு ஃபெல்லோ என்று பேர். ஒரு கட்டுரை வந்தால் இரண்டு ஃபெல்லோக்களுக்கு அனுப்பி, மெய்யா பொய்யா என்று உரசிப் பார்க்கிறார்கள். தேறினால் அச்சு. அச்சானதும் நான் காகிதம் சுற்றி, நூல் கட்டி, தபால் தலை ஒட்டி, ஜெர்மனி ஜப்பான் என்று அனுப்புகிறேன். போன மாதம் ஸ்வீடனில் உப்சலா என்ற ஊருக்கு ஒரு கட்டு போயிற்று. இவ்வளவு நேர்த்தியாக முடிச்சுப் போட்டவர் யார் என்று அந்த ஊர் மகாராஜாவே விசாரித்ததாகக் கேள்வி.

உன் காலேஜில் வாரம் இரண்டு மத்தியானம் ஆராய்ச்சி அறையைத் திறந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அது காரியதரிசி ஐயா உன் பிரின்சிபாலம்மாவுக்கு எழுதிய சிபாரிசுக் கடிதத்தால். அந்த உறையை ஒட்டியவன் நான். ஒட்டாத உறையில் எந்தச் சிபாரிசு போய்ச் சேரும், சொல்?

இப்போது பெரிய சமாசாரம். நம் ஜீவனஹள்ளியிலும் லிங்கராஜபுரத்திலும் கிணறுகளில் கொசு பெருகிக் காய்ச்சல் வருகிறது, எல்லாக் கிணற்றையும் சிமெண்டு மூடி போட்டு அடைத்துவிடலாமா என்று முனிசிபாலிட்டி அகாடமியைக் கேட்டிருக்கிறது. அகாடமி மூன்று ஃபெல்லோக்களைக் கமிட்டியாகப் போட்டது. அவர்கள் கேட்ட முதல் கேள்வி, யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறார்களா என்பதுதான். எண்ணினவள் என் மருமகள் ஒருத்தியல்லவா!

போன வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் தங்கி, சனிக்கிழமை தவறாமல் எட்டுக் கிணறுகளில் பத்துப் பத்துத் தரம் மொண்டு, வெள்ளைப் பேசினில் ஊற்றி, நெளிகிற கொசுப்புழுவை நீ எண்ணியபோது தெருவே சிரித்தது. நாலு கிணற்றில் புழு தின்னும் மீனை விட்டாய், நாலில் விடவில்லை. விடாத நாலில் நம் கிணற்றைச் சேர்த்தாயே, அது மட்டும் எனக்கு ஆறவில்லை. நீ சுண்ணாம்பால் எழுதிய '5' இன்னும் தொட்டிச் சுவரில் இருக்கிறது. வருகிறவன் போகிறவனெல்லாம் பார்க்கிறான்.

இரண்டு ஃபெல்லோக்களுக்கு அனுப்ப உன் கட்டுரையைத் தட்டச்சு செய்யவேண்டும். டைப்பிஸ்டிடம் கொண்டுபோய்க் கொடுக்கும்போது ஒரு பார்வை பார்த்தேன். அட்டவணை மட்டும் நடுவில் கொஞ்சம் சோகை பிடித்தாற்போல் இருந்தது. கவலைப்படாதே, மாமா ஒரு டானிக் கொடுத்துவிட்டேன்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

உன்மேல் உயிரை வைத்திருக்கும் மாமா,
சி. ஜெயராஜ், டபேதார்


வேப்பேரி, சென்னை
19-7-1937

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்தேன். உப்சலா மகாராஜா வரும் இடத்தில் அம்மா சிரித்துவிட்டாள். அப்பா போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அதற்காகவே அந்த மகாராஜாவை மன்னித்துவிட்டேன்.

ஆராய்ச்சி அறை கிடைத்தது எனக்குப் பெரிய உதவி. இங்கே என்னைப் பாடம் எடுக்கத்தான் வைத்திருக்கிறார்கள். நான் கேட்டபோது கிடைக்காத சாவி, அகாடமியின் ஒரு பக்கக் கடிதத்துக்குக் கிடைத்தது. முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காகக் காரியதரிசி ஐயா எழுதினார். அவரிடம் என் நன்றியைச் சொல்லுங்கள். கூட்டாமல் சொல்லுங்கள்.

கமிட்டி விஷயம் படித்ததிலிருந்து மனம் அங்கேயே இருக்கிறது. கிணறுகளை அடைத்தால் அந்த நூறு வீட்டுக்கும் இருப்பது தெருக்கோடியில் ஒரே ஒரு குழாய். மீன் விட்டாலே போதும் என்று அந்த எண்கள் காட்டுகின்றன என்பதுதான் என் கட்டுரை. அது நிற்கவேண்டும். எனக்கு வேறு கைத்தாங்கல் இல்லை. பெரிய பட்டமும் இல்லை, பெரிய பெயரும் இல்லை. எண்கள்தான் இருக்கின்றன.

டானிக் என்று எழுதியிருந்தீர்களே, அது என்ன மாமா? விளையாட்டு என்றே நினைக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், அதில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாதீர்கள்.

அத்தைக்கு என் முத்தங்கள்.

உங்கள்
நோரா


ஜீவனஹள்ளி
8-8-1937

சேசு மரி சூசை

அன்பு மருமகளே,

வேலை மும்முரத்தில் பதில் தாமதம். கமிட்டி போன செவ்வாய்க்கிழமை மல்லேஸ்வரத்தில் நம் ஹாலில் கூடியது. கதவருகே தோளில் டவாலியும் மார்பில் பித்தளை வில்லையுமாக நின்றவன் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

மூவரில் ஒருவர் கல்கத்தாக்காரர். ஒல்லி மனிதர், காப்பியில் சர்க்கரை வேண்டாம் என்பவர். அவர் உன் அட்டவணையைத் தூக்கிப் பிடித்து, ஐம்பத்திரண்டு வாரம், எட்டுக் கிணறு, ஒரு கட்டம்கூடக் காலியில்லை, இந்த வயதில் இப்படி ஒரு ஒழுங்கா என்று மற்ற இருவரிடமும் காட்டினார். எனக்கு அங்கேயே நெஞ்சு விம்மி, காப்பித் தட்டு ஆடி, ஒரு டம்ளர் கவிழ்ந்தது. காரியதரிசி ஐயா கோபிக்கவில்லை. பெருமையில் கவிழ்ந்த காப்பி என்று அவருக்குத் தெரியும்.

பிறகு கிணற்றைப் பற்றி என்னிடமே அபிப்பிராயம் கேட்டார்கள். அரைமணி நேரம் பேசினேன். (இதை உன் அத்தை எட்டிப் படித்துவிட்டு, "கதவைச் சாத்தச் சொன்னதைத்தானே அபிப்பிராயம்கிறீங்க" என்கிறாள். அவள் ஹாலுக்குள் வந்தாளா?)

தெருவில் இப்போது எனக்குத் தனி மரியாதை. தண்ணீர் எடுக்க வருகிற பெண்களெல்லாம் ஒருநாள் கூட்டமாக வந்து நின்றார்கள். மூன்றாம் வீட்டு யூனிஸ்தான் பேசினாள். "அண்ணே, நிஜமா சொல்லுங்க, கிணத்த மூடிருவாங்களா? குழாய்க்குப் போனா எம் பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போன மாதிரிதான்" என்றாள். நான் நெஞ்சில் கை வைத்து, ஒரு கிணற்றையும் மூடமாட்டார்கள், இது டபேதார் வாக்கு, அகாடமி வாக்கு என்று சொல்லிவிட்டேன். மறுநாள் கதம்பம் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாதா படத்துக்குப் போட்டது போக மீதியை என் தலைப்பாகையில் சுற்றிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு டென்சில் மட்டும் சிரிக்கிறான். துணி காயப்போடுகிற கொடிக்காக என்னோடு சண்டை போட்டவன் வேறு எப்படி இருப்பான்?

டானிக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது சும்மா பேச்சுக்குச் சொன்னது.

மாமா,
சி. ஜெயராஜ்


வேப்பேரி
17-8-1937

அன்புள்ள மாமா,

நேற்று அகாடமியிலிருந்து தடித்த உறை வந்தது. தட்டச்சுப் பிரதி, என் கையெழுத்துப் பிரதி, கட்டுரையைப் படித்த ஃபெல்லோவின் கேள்வி. மூன்றையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இன்னும் எழுந்த மாதிரி இல்லை.

போன வருஷம் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு கடைசி வரை ஆறு வாரம். எட்டுக் கிணறு. நாற்பத்தெட்டுக் கட்டங்கள். நான் அவற்றைக் காலியாக விட்டிருந்தேன். இப்போது அவற்றில் எண்கள் இருக்கின்றன.

ஃபெல்லோ கேட்பது நியாயமான கேள்வி. மீன் விடாத ஐந்தாம் கிணற்றில் அந்த ஆறு வாரமும் பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று வருகிறது. அதே வாரங்களில், அதேபோல் மீன் விடாத ஆறாம் கிணற்றில் தொண்ணூறு. மீன் இல்லாமலே ஒரு கிணறு சுத்தமாகும் என்றால் மற்றக் கிணறுகளைச் சுத்தம் செய்தது மீன்தான் என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்கிறார். இதற்குப் பதில் வராதவரை கமிட்டி முனிசிபாலிட்டிக்கு ஒன்றும் சொல்லாது. கமிட்டி சொல்லாவிட்டால் அக்டோபரில் மூடி போடத் தொடங்குவார்கள்.

மாமா, அந்த ஆறு வாரம் நான் எங்கே இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாதா? கோலார் தங்கவயல் ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். நீங்களும் நாலு நாள் வந்து இருந்தீர்கள். ஐந்தாம் வாரச் சனிக்கிழமை அவரை மண்ணில் வைத்தோம். அந்தச் சனிக்கிழமைக்கு நேராக எட்டு எண்கள் வரிசையாக நிற்கின்றன. அன்றைக்கு நான் புழு எண்ணிக்கொண்டிருந்தேன் என்று அந்தக் காகிதம் சொல்கிறது.

யார் எழுதியது? இம்மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் நான் பதில் சொல்லவேண்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நோரா


ஜீவனஹள்ளி
20-8-1937

சேசு மரி சூசை

மருமகளே,

உன் கடிதம் கண்டு திடுக்கிட்டேன். உடனே விசாரணை நடத்தினேன். எல்லாம் அந்த வெங்கடசுப்ரமணியன் வேலை. மனிதருக்கு ஆடி மாதம் முழுக்கக் கண்வலி. மூக்குக் கண்ணாடி வேறு உடைந்து, நூல் கட்டி மாட்டிக்கொண்டிருந்தார். அதே சமயம் மைசூரிலிருந்து நெல் வயல் பூச்சியைப் பற்றி ஒரு கட்டுரை மேஜையில் கிடந்தது. அந்தப் பூச்சி எண்ணிக்கையை எடுத்து உன் கொசுக் கட்டத்தில் அடித்துவிட்டிருக்கிறார். பூச்சிக்குப் பூச்சி தானே என்று நினைத்திருப்பார். மல்லேஸ்வரத்துக்காரர், மூன்று தலைமுறையாகச் சர்க்கார் உத்தியோகம், என்ன பிரயோசனம்? நானே அவரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டேன். தலை குனிந்து நின்றார்.

நீ காரியதரிசி ஐயாவுக்கு டைப்பிஸ்டின் பிழை என்று ஒரே வரி எழுதிவிடு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். மச்சானைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் படித்தபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமா


வேப்பேரி
24-8-1937

அன்புள்ள மாமா,

தட்டச்சுப் பிரதியோடு என் கையெழுத்துப் பிரதியையும் அனுப்பியிருந்தார்கள் என்று எழுதியிருந்தேன். நீங்கள் அந்த வரியைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. அந்த நாற்பத்தெட்டு எண்களும் அதிலேயே பென்சிலில் இருக்கின்றன. டைப்பிஸ்ட் கண்ணால் கண்டதைத்தான் அடித்திருக்கிறார்.

அந்த நான்குகள் உங்கள் நான்குகள் மாமா. கால்மேல் கால் போட்டு நாற்காலியில் சாய்ந்த மாதிரி. எனக்கு ஐந்து வயதில் சிலேட்டில் எழுதிக் காட்டி, "இதான் ராஜா நாலு" என்றீர்கள். உலகத்தில் வேறு யாரும் அப்படி எழுதுவதில்லை.

நம் கிணற்றுக்குப் பூஜ்யமும் டென்சில் அங்கிள் கிணற்றுக்குத் தொண்ணூறும் போட்டிருப்பதைப் பார்த்து முதலில் சிரித்துவிட்டேன். பிறகு வெகுநேரம் சிரிக்க முடியவில்லை.

ஏன் செய்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. காலி இலை போட்டு விருந்தாளியை உட்காரவைக்க உங்களுக்கு மனம் வராது. அது எனக்குத் தெரியும். ஆனால் குற்றத்தை இன்னொருவர் தலையில் வைத்து எழுதினீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அவர் தலை குனிந்து நின்றார் என்று வேறு எழுதினீர்கள்.

முப்பத்தொன்றாம் தேதி காரியதரிசி ஐயாவுக்குக் கடிதம் போகும். அந்த எண்கள் என்னுடையவை அல்ல என்று எழுதுவேன். யாருடையவை என்று எழுதமாட்டேன். அவர் முதலில் டைப்பிஸ்டைத்தான் கூப்பிட்டுக் கேட்பார். டைப்பிஸ்டுக்கு ஐந்து குழந்தைகள் என்று நீங்களே ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள்.

நோரா


ஜீவனஹள்ளி
5-9-1937

நோரா,

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அன்றும் மறுநாளும் நான் ஒன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன், நற்கருணை வாங்காமல் திரும்பினேன். உன் அத்தை கவனித்துவிட்டாள். கேட்டாள், சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "நம்ம கிணத்துல பூஜ்யமா?" என்று கேட்டுவிட்டு, ஒரு குடம் தண்ணீர் சேந்தி, என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். குடத்துக்குள் பார்த்தேன். நெளிந்துகொண்டுதான் இருந்தன.

திங்கட்கிழமை காலை, உன் கடிதம் போவதற்கு ஒருநாள் முன்னால், காரியதரிசி ஐயாவின் அறைக்குப் போனேன். அவர் கண்ணீர் விட்டார் என்று எழுத வந்தது. விடவில்லை. நான் காலில் விழுந்தேன் என்று எழுத வந்தது. விழவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "ஐயா, அந்த நாப்பத்தெட்டும் நான் போட்டது" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கேட்டது ஒன்றுதான்.

"அஞ்சாம் கிணத்துக்கு ஏன் பூஜ்யம் போட்டே?"

"அது எங்க வீட்டுக் கிணறு ஐயா."

சிரித்தார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பெண் எண்ணாத வாரங்கள் என்று தெரிந்திருந்தால் எங்களுக்கு ஒரு கேள்வியும் எழுந்திருக்காது, எண்ணினாள் என்று நீ சொன்னதால்தான் ஒரு மாதம் வீணாயிற்று என்றார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

டவாலியைக் கழற்றி அவர் மேஜையில் வைத்தேன். எடுத்துக்கொள் என்பார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. வேலை போகவில்லை. இனி பார்சல் கட்டும் அறை மட்டும்தான்; கட்டுரைகள் இருக்கும் பக்கம் வரக்கூடாது.

அங்கிருந்து நேராக வெங்கடசுப்ரமணியனிடம் போனேன். அவரிடம் நான் நாலு வார்த்தை கேட்டது, அவர் தலை குனிந்தது, எல்லாம் பொய். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவே இல்லை. கண்வலியும் பொய். அவர் பெயரை உனக்கு எழுதினேன் என்று சொன்னேன். மிஷினில் புதுக் காகிதத்தைச் செருகினார். பிறகு, "ஓய், அன்னிக்கே கேட்டேன், இது அந்தப் பொண்ணு எழுத்தான்னு. ஆமான்னீர். உம்மை நம்பினது என் தப்பு" என்று சொல்லிவிட்டு அடிக்க ஆரம்பித்தார். அவர் சொன்னது சரி. அன்றைக்கு நான் ஆமாம் என்றேன்.

உன் கடிதம் கிடைத்தபிறகு கமிட்டி வெள்ளிக்கிழமை கூடியது. நாற்பத்தெட்டுக் கட்டங்களும் காலியாகவே அச்சாகும். 'இந்த வாரங்களில் எண்ணவில்லை' என்று கீழே ஒரு வரி இருக்கும். ஆனால் சந்தேகம் வந்துவிட்டதால், முனிசிபாலிட்டிக்குச் சொல்லுமுன் மீன் விட்ட இரண்டாம் கிணற்றிலும் விடாத ஐந்தாம் கிணற்றிலும் இன்னும் பத்து வாரம் எண்ணிப் பார்க்கவேண்டுமாம். அதுவரை மூடி போடவேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். எண்ணுவது டைப்பிஸ்ட். அவர் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. மொண்டு கொடுப்பது நான். இரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் கணக்கில் சேரும்.

யூனிஸ் வீட்டுக்குப் போய், நான் கொடுத்த வாக்கு அகாடமியின் வாக்கு இல்லை, கிணறு இருக்குமா இருக்காதா என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மச்சானை மண்ணில் வைத்த நாளுக்கு எதிரே எழுதும்போது நான் தேதியைப் பார்க்கவில்லை. கட்டம் காலியாக இருந்ததை மட்டும்தான் பார்த்தேன். இது சத்தியம். நம்பச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

சிரில்


ஜீவனஹள்ளி
14-11-1937

சேசு மரி சூசை

அன்பு நோராவுக்கு,

நேற்றோடு பத்து வாரம் முடிந்தது. நம் கிணற்றுக் கணக்கு இது. அதிகாரப்பூர்வமானது டைப்பிஸ்ட் கையில் இருக்கிறது; இது உனக்காக நான் எழுதி வைத்துக்கொண்டது.

செப்டம்பர் 11: முப்பத்தெட்டு
18: நாற்பத்தொன்று
25: இருபத்தொன்பது
அக்டோபர் 2: நாற்பத்து நாலு
9: ஐம்பத்திரண்டு
16: நாற்பத்தேழு
23: நாற்பது
30:
நவம்பர் 6: முப்பத்தாறு
13: முப்பத்துமூன்று

மீன் இருக்கும் இரண்டாம் கிணற்றில் ஒருநாளும் மூன்றுக்கு மேல் இல்லை.

டைப்பிஸ்ட் சனிக்கிழமை தோறும் மல்லேஸ்வரத்திலிருந்து சைக்கிளில் வருகிறார். கைப்பிடியில் ஒரு கூஜா தொங்கும். அத்தை கொடுக்கும் காப்பியைக் குடிக்கமாட்டார், தன் காப்பியையே கொண்டுவருவார். முதல் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. எண்களை மட்டும் சொன்னார். நாலாம் வாரம் ஐம்பத்திரண்டு வந்தது, இல்லை, ஐந்தாம் வாரம், மேலே பார்த்துக்கொள், அன்றைக்கு டென்சில் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன சிரில், உன் பூஜ்யம் எத்தனை குட்டி போட்டுச்சு?" என்றான். டைப்பிஸ்ட்தான் நிமிர்ந்து, "அம்பத்திரண்டு. அடுத்த வாரம் உம்ம கிணத்துக்கு வரட்டுமா?" என்றார். டென்சில் தலை உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு அவர் என்னை மறுபடியும் ஓய் என்று கூப்பிடுகிறார்.

முப்பதாம் தேதிக்கு எதிரே ஒன்றும் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு முன்னால் மச்சான் கல்லறைக்கு வெள்ளையடிக்க நானும் அத்தையும் தங்கவயலுக்குப் போய்விட்டோம். முன்கூட்டிச் சொல்ல மறந்துவிட்டேன். டைப்பிஸ்ட் வந்து, கயிறும் வாளியும் இருந்தும் இரண்டாம் கையெழுத்து இல்லாமல் திரும்பிப் போயிருக்கிறார். அடுத்த வாரம் வந்தபோது அவர் காகிதத்தை நீட்டி, "முன்னால நாப்பது, இன்னிக்கு முப்பத்தாறு. நடுவில முப்பத்தெட்டுன்னு போட்டா யாருக்குத் தெரியும் ஓய்?" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. என்னைப் பரீட்சை செய்தாரோ, நிஜமாகவே கேட்டாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"விடும் ஓய். அது எங்க மச்சான் கட்டம்" என்றேன்.

அவர் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

நீ எனக்குப் பதில் எழுதி இந்த வாரத்தோடு பதினோரு வாரம் ஆகிறது. தெருவில் யாராவது உன்னை விசாரித்தால் முன்பெல்லாம் வாரத்துக்கு இரண்டு கடிதம் வருகிறது என்பேன். இப்போது, எழுதவில்லை என்கிறேன். அந்த இடத்திலும் நான் ஒன்றும் போட்டு நிரப்பவில்லை.

கமிட்டி என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. பார்சல் அறைக்குச் செய்தி கடைசியில்தான் வரும்.

அக்காவுக்கு என் அன்பு.

மாமா


வேப்பேரி
10-12-1937

என் பிரியமுள்ள மாமாவுக்கு,

பார்சல் அறைக்கு முன்னால் எனக்கு வந்துவிட்டது, ஆகையால் நான் சொல்கிறேன். கமிட்டி முனிசிபாலிட்டிக்கு எழுதிவிட்டது. புழங்கும் கிணறுகளில் மீன் விடவேண்டும். பாழடைந்து கிடப்பவற்றுக்கு மட்டும் மூடி. முனிசிபாலிட்டியும் ஒத்துக்கொண்டது. காரியதரிசி ஐயா அந்த அறிக்கையின் பிரதியை அனுப்பியிருக்கிறார். என் அட்டவணை அதில் இருக்கிறது, நாற்பத்தெட்டுக் கட்டங்களும் காலியாக. அதற்கடியில் உங்கள் பத்து வாரம், ஒரு வாரக் கட்டம் காலியாக. யூனிஸ் அக்காவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். இந்த முறை கதவு திறக்கும்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் நவம்பர்க் கடிதத்தை அவளே வாங்கி, அந்த வெறும் முப்பதாம் தேதி மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "தம்பிக்கு எழுதுடி" என்றாள். எழுத உட்கார்ந்து எத்தனையோ காகிதம் கிழித்தேன். அதனால்தான் இத்தனை வாரம்.

பதினெட்டாம் தேதி சனிக்கிழமை காலை மெயில் ரயிலில் இருவரும் வருகிறோம். கிறிஸ்துமஸ் அங்கேதான். ஒரு புட்டியில் இரண்டாம் கிணற்று மீன் பிடித்து வைத்திருங்கள். நம் கிணற்றில் நானே விடுகிறேன். சுவரில் இருக்கும் '5' மட்டும் இருக்கட்டும், அழிக்காதீர்கள்.

இன்னொன்று. இங்கே காலேஜில் எல்லாரிடமும் என் மாமா இல்லாவிட்டால் பெங்களூர் அகாடமியில் ஒரு கட்டும் உப்சலா போய்ச் சேராது என்று சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

உங்கள் மருமகள்
நோரா